மயில்துத்தம் பட்ட தழை

செம்மறியாட்டில் பால் கறந்து விற்றவள் எங்கள் ஊரில் நான் ஒருத்திதான். அனுமந்தன்பட்டிப் பக்கத்தில் இதைச் சொன்னால் இன்றும் சிரிப்பார்கள். வெள்ளாட்டுப் பாலைக் கைக்குழந்தைக்கென்று யாராவது கேட்டு வருவது உண்டு. செம்மறிப் பால் குட்டிக்கு மட்டும்தான். கறியும் கிடை உரமும்தான் செம்மறியின் வேலை என்று எல்லாரையும் போல நானும் நினைத்திருந்தேன்.

அந்த நினைப்பை மாற்றியவன் குமுளிக்காரன் ஒருவன். மலைமேல் சுற்றுலா வருகிறவர்கள் தங்கும் விடுதிகளுக்குச் சீஸ் செய்து கொடுக்கிற மலையாளத்துப் பையன். ஆட்டுப்பால் சீஸுக்கு நல்ல கிராக்கி, அதிலும் செம்மறிப் பால் என்றால் எடுத்த எடுப்பில் விற்றுப்போகும் என்று தேடிக்கொண்டு கீழே இறங்கி வந்தான். மந்தை வைத்திருக்கிற ஒவ்வொரு வீட்டிலும் கேட்டிருக்கிறான். எல்லாரும் சிரித்து அனுப்பியிருக்கிறார்கள். நானும் சிரித்தேன். ஆனால் சிரித்துவிட்டு, சொம்பை எடுத்துக்கொண்டு போய் ஓர் ஆட்டின் மடியில் கை வைத்துப் பார்த்தேன். ஒரு டம்ளர்கூடத் தேறவில்லை. கெட்டியாக, எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தது. அவன் நாக்கில் வைத்துப் பார்த்தான்.

"சேச்சி, பால் கொள்ளாம். கொறச்சு கூடினா மதி."

பால் நன்றாக இருக்கிறதாம், கொஞ்சம் கூடினால் போதுமாம். கூட்டுவது என் வேலையாயிற்று. எனக்கு ஒன்றைப் பிடித்தால் விட மனம் வராது. அது நல்லதானாலும் சரி, கெட்டதானாலும் சரி. இந்தக் கதை முழுக்க அந்தக் குணத்தால் வந்ததுதான்.

ஊறவைத்த பருத்திக்கொட்டையும் சோளத்தவிடும் எல்லாரும் வைப்பதுதான். அதோடு வெந்தயத்தை வறுத்து இடித்துச் சேர்த்தேன். முருங்கைக்கீரையை நிழலில் உலர்த்திக் கசக்கிப் போட்டேன். வயிறு உப்பாமல் இருக்க ஓமம். இவையெல்லாம் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பவைதானே, ஆட்டுக்கு மட்டும் ஆகாதா என்பது என் கணக்கு. ஆனால் பாலைப் பெருக்கியது திராட்சைத் தழைதான். உலர்த்திப் பொடித்து ஆட்டுக்கு ஒரு கை வைத்தால், அந்தத் துவர்ப்புக்கு வயிற்றுப் பூச்சி அடங்கியது. கழிச்சல் நின்றது. தின்றது உடம்பில் ஒட்டியது, மடி நிறைந்தது.

தழையைக் கையில் எடுத்துக்கொண்டு கால்நடை டாக்டரம்மாவிடம் காட்டினேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "இது எந்தத் தோட்டத்துத் தழை?" என்பதுதான்.

சாமியார் வீட்டு முற்றத்துக் கொடி என்றேன். பங்குச் சாமியார் வீட்டில் நிழலுக்காக ஒரு பழைய திராட்சைக் கொடி பந்தலில் படர்ந்து கிடக்கிறது. காய் புளிப்பு, குருவிதான் தின்னும். அதற்கு யாரும் மருந்து அடிப்பது இல்லை. முற்றம் குப்பையாகிறது என்று அங்கே சமைக்கிற அம்மா புலம்புவாள். நான் சாக்கைக் கொண்டுபோய்ப் பறித்து வருவேன்.

"அப்ப சரி," என்றார் டாக்டரம்மா. "தோட்டத்துத் தழையை மட்டும் செம்மறிக்குக் காட்டிடாதீங்க. மயில்துத்தம் அடிச்சிருப்பாங்க. மாடு தாங்கும், வெள்ளாடு தாங்கும், செம்மறி தாங்காது. அதுல இருக்கிற செம்பை ஈரல்ல சேத்துச் சேத்து வைக்கும். வெளியில ஒண்ணும் தெரியாது. ஒருநாள் மொத்தமா ரத்தத்துல எறங்கும். மூத்திரம் காப்பி நெறத்துல போகும், கண்ணு மஞ்சளாகும், அவ்வளவுதான்."

எங்கள் பள்ளத்தாக்கில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்து அடிக்காத திராட்சைப் பந்தல் ஏது? கவாத்து வெட்டிய தழையை வண்டி வண்டியாக மாட்டுக்கும் வெள்ளாட்டுக்கும் போடுகிறோம். ஒன்றும் ஆனதில்லை. அதனால் செம்மறிக்கு ஆகும் என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை. டாக்டரம்மா சொல்லியிருக்காவிட்டால் எனக்கும் தோன்றியிருக்காது.

இனி என் ஓரகத்திக்கு வருகிறேன். என் கணவரின் அண்ணன் மனைவி. முறைக்கு அக்கா. அவர்கள் வீடு மெயின் ரோட்டின் மேல். எங்கள் வீடு பின்னால், லோடு ஆட்டோகூட நுழையாத சந்தில். மாமனார் விட்டுப்போன மந்தை இரண்டு வீட்டுக்கும் பொது. பொது என்றால், சாணி அள்ளுவது நான், பெருமை அவளுக்கு. அதையும் பல வருடம் பொறுத்தேன். ஒரு கிறிஸ்துமஸுக்குக் குமுளிக்காரன் கேக்கும் ஒரு டப்பா சீஸும் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனான். மூத்தவள் இருக்கும்போது இளையவளுக்குப் பரிசா? அன்றைக்கே அவள் முகம் கறுத்தது.

அதற்குப் பின் ஒரு காலையில் பால் வண்டி என்னைத் தேடி வரவில்லை. ரோட்டுக்குப் போய்ப் பார்த்தால் அவள் வீட்டு வாசலில் நிற்கிறது. நான் செம்மறிப் பாலில் வெள்ளாட்டுப் பாலைக் கலக்கிறேன் என்று அவள் அவனிடம் சொல்லியிருக்கிறாள். சொல்லும்போது பால் கேன் மேலேயே கை வைத்துச் சத்தியம் பண்ணினாளாம். அதே வாரம் என் கணவரின் அண்ணன் பங்கு பிரிக்க வேண்டும் என்றார். மூத்தவனுக்கு முதல் பங்கு என்று பால் கறக்கிற ஆடுகளை எல்லாம் ஓட்டிக்கொண்டார். எங்களுக்கு விட்டது வறண்ட கிழடுகளும் ஒரு கிடாவும்.

நான் என் கணவரைப் பார்த்தேன்.

"அண்ணன் சொல்றாக. நான் என்னத்தச் சொல்ல?"

"ஒண்ணுஞ் சொல்ல வேணாம். போயி அவுகளுக்குக் கயிறு எடுத்துக் குடுங்க," என்றேன். அவர் உண்மையாகவே போய்க் கயிறு எடுத்துக் கொடுத்தார்.

ஓட்டிப் போன ஆடுகளில் கோணக்காதி ஒருத்தி. தாய் சேர்க்காமல் தள்ளிவிட்ட குட்டி. புட்டிப்பால் கொடுத்து என் கட்டிலுக்குக் கீழே வளர்த்தேன். அவள்தான் மந்தையிலேயே அதிகம் கறப்பவள். கயிற்றில் இழுபட்டுப் போகும்போது சந்து முனைவரை திரும்பித் திரும்பிக் கத்தினாள். அன்றைக்கு முடிவு செய்தேன். என் ஆடுகள் என் கொட்டடிக்குத் திரும்ப வேண்டும். நான் கலப்படக்காரி இல்லை என்று ஓரகத்தி தன் வாயாலேயே குமுளிக்காரனிடம் சொல்ல வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் நான் ஆறமாட்டேன்.

எப்படி என்றுதான் தெரியவில்லை. சாபம் விட்டுப் பார்த்தேன். அந்தோணியாருக்கு மெழுகுதிரி ஏற்றி, சொல்லக்கூடாததைக் கேட்டுப் பார்த்தேன். அவள் வீட்டில் பால் வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது.

பிறகு ஒரு மத்தியானம் அவர்கள் வீட்டு வழியாகப் போனபோது மொட்டை மாடியில் படுதா விரித்துத் தழை காயப்போட்டிருந்தது. திராட்சைத் தழை. நான் சாக்கோடு அவர்கள் திராட்சைத் தோட்டத்து வரப்பில்தான் நடந்து வருவேன். சாமியார் வீட்டுக்கு அதுதான் குறுக்குவழி. அதைப் பார்த்துவிட்டு, என் பாலின் ரகசியம் தன் தோட்டத்திலேயே இருக்கிறது என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். கவாத்துத் தழையை எல்லாம் உலர்த்தி, மாவு மில்லில் கொடுத்து அரைத்து, மூட்டை கட்டி வைத்திருக்கிறாள். நான் ஒரு கை வைத்தேன் என்றால் அவள் ஒரு படி வைக்கிறாள்.

என் வயிற்றில் பாலை வார்த்தது போல் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, சோற்றைப் போட்டு, கருவாட்டுக் குழம்பை ஊற்றி, பல நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன். நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும்.

சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான் யோசனை ஓடியது. ஆடுகள் செத்தால் என்ன நடக்கும்? ஊரே அவள் வாசலில் கூடும். "ஐயோ பாவம், வாயில்லாச் சீவன்" என்று அழும். அவள் தலையை விரித்துப்போட்டு நடுவில் உட்கார்ந்திருப்பாள். சாமியார் வந்து ஜெபம் சொல்வார். முறைக்கு நானும் போய் அவள் தோளைப் பிடித்துத் தேற்ற வேண்டும். அந்த அனுதாபத்தில் ஒரு சொட்டுகூட அவளுக்குப் போய்ச் சேருவதை என்னால் பொறுக்க முடியாது. அதோடு, சாகப்போவது என் ஆடுகள். அவளைப் பழிவாங்கக் கோணக்காதியைக் கொடுப்பதா? பாம்பும் சாக வேண்டும், கம்பும் உடையக் கூடாது. எழுந்து நேராக அவள் வீட்டுக்குப் போனேன்.

அவள் கணவர், மூத்தவர், வாசலில் உட்கார்ந்திருந்தார், தோளில் வெள்ளைத் துண்டு. அவள் ஆட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். டாக்டரம்மா சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன்.

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஆடு நனையுதுன்னு ஓநா அழுவுதாக்கும்," என்றாள். "எங்க வெள்ளாடு அம்புட்டும் இந்தத் தழையத்தான் திங்குது. எது செத்துச்சு? பால் எங்கிட்ட வந்துருச்சுன்னு ஒனக்கு வயித்தெரிச்சல்."

"வயித்தெரிச்சல்தான். இல்லைன்னு நாஞ் சொல்லல. அதுக்காக ஆட்டக் கொல்லாதீக."

மூட்டையிலிருந்து பொடியாகாத ஓர் இலையை எடுத்தேன். தண்ணீரில் நனைத்து, கேட்காமலே மூத்தவரின் துண்டில் அழுத்தித் தேய்த்தேன். வெள்ளைத் துண்டில் மயில்கழுத்துப் பச்சை ஒட்டியது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தோட்டத்துக்கு மருந்து கரைத்து அடித்தவரே அவர்தான்.

"கவாத்துக்கு முந்திதான் அடிச்சேன்," என்றார் மெதுவாக.

"அடிச்சா என்ன? மழ பேஞ்சு கழுவியிருக்கும்," என்றாள் அவள். "இவ சொல்லி நான் நிறுத்தணுமாக்கும்."

நிறுத்தவில்லை. நான் சொல்லிவிட்டேன் என்பதற்காகவே நிறுத்தவில்லை. வேறு யார் சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பாள் என்று இப்போதும் நினைக்கிறேன்.

அப்புறம் சில வாரம் கழித்து, காலையில் மூத்தவரே எங்கள் சந்துக்குள் ஓடிவந்தார். அந்த மனுஷர் எங்கள் வீட்டுப் படி ஏறிப் பல மாதம் ஆகியிருந்தது.

"ஆத்தா, கொஞ்சம் வா. கோணக்காதி எந்திரிக்க மாட்டேங்குது."

போனேன். கண் மஞ்சள் பூத்திருந்தது. கீழே மண்ணில் காப்பி டிகாக்ஷனைக் கொட்டியது போல் ஈரம். என் குரலைக் கேட்டதும் தலையைத் தூக்கப் பார்த்தாள், முடியவில்லை. தலையை மடியில் வைத்துக்கொண்டேன். டாக்டரம்மா ஸ்கூட்டரில் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. நான் ஓங்கி அழுதேன். அழுதுகொண்டே என் ஓரகத்தியைத் திட்டினேன். அவள் பிறந்த வீட்டையும் சேர்த்துத் திட்டினேன். அவள் சுவரோரம் நின்றாள்.

டாக்டரம்மா மற்ற ஆடுகளின் கண்ணை இழுத்துப் பார்த்தார். தழையைக் கண்ணில் காட்டாதே, கொடுக்கிற மருந்தைத் தீவனத்தில் கலந்து வை, முக்கியமாக ஆடுகளை இந்த இடத்தை விட்டு ஓட்டாதே என்றார். அலைக்கழித்தால் ஈரலில் இருப்பதெல்லாம் ரத்தத்தில் இறங்கிவிடுமாம். அவர் போனதும் மூத்தவரைப் பார்த்துச் சொன்னேன்.

"ஆடுகள நான் பாத்துக்கிறேன், மச்சான். தேறுனதும் என் கொட்டடிக்கு வரணும். அதோட, அக்கா அன்னைக்குச் சொன்னது பொய்யின்னு அந்தப் பையங்கிட்ட அவுகளே சொல்லணும்."

"ஓட்டிக்க ஆத்தா. எனக்கு வேணாம் இந்தப் பாவம்," என்றார். இரண்டாவதைக் கேட்டதும் அவள் வீட்டுக்குள் போய்விட்டாள்.

பிறகு நடந்ததுதான் என்னை அதிகம் எரித்தது. ஆடுகளை நகர்த்தக் கூடாது என்பதால் காலையும் மாலையும் நான்தான் அவள் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. என் தீவனத்தைச் சுமந்துகொண்டு, அவள் வாசல் வழியாக, மெயின் ரோட்டில், நாலு பேர் பார்க்க. அவள் காப்பி கொண்டுவந்து திண்டில் வைப்பாள். நான் தொடமாட்டேன். ஆறிப்போனதை எடுத்துப்போவாள். மறுநாளும் வைப்பாள். ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது தெரியுமா? "ஓரகத்திக ரெண்டு பேரும் ஒண்ணு சேந்துட்டாக" என்று. கடையில் மிளகாய்த்தூள் வாங்கப் போனால், "நல்லது ஆத்தா, கோவம் எத்தன நாளைக்கு?" என்று கடைக்காரி தத்துவம் சொல்கிறாள். ஒரு பிடித் தூளை அவள் கண்ணில் தூவிவிட்டு வரலாமா என்றிருந்தது.

இது போதாதென்று ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியார் பிரசங்கத்தை மன்னிப்பில் ஆரம்பித்தார். நம் பங்கிலேயே இரண்டு சகோதரிகள், ஒருத்தி தன்னை வருத்தியவளின் வீட்டுக்கே போய் அவள் ஆடுகளுக்குப் பணிவிடை செய்கிறாள் என்றார். பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. பெண்கள் பக்கம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. பணிவிடையா? என் ஆட்டுக்கு, சாமி, என் ஆட்டுக்கு!

சமாதானம் சொல்லும் நேரம் வந்தது. எல்லாரும் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக் கைகூப்புவார்கள். அவள் எனக்கு முன்வரிசை. திரும்பினாள், கை கூப்பினாள். கோயிலே காத்திருந்தது. நான் அவள் முகத்தை நன்றாகப் பார்த்தேன். பிறகு வலது பக்கம் திரும்பி, யாரோ ஒரு கிழவிக்குக் கைகூப்பினேன். இடது பக்கத்துக்குக் கூப்பினேன். பின்னால் இருந்த சின்னப் பிள்ளைக்குக்கூடக் கூப்பினேன். அவள் கையை இறக்காமலே நின்றாள். ஏன் என்று அவளுக்குத் தெரியும். சொல்ல வேண்டிய ஒரு வாக்கியம் பாக்கி இருந்தது.

பூசை முடிந்து வெளியே வந்தால் அவள் வீட்டு வாசலில் குமுளிக்காரனின் வண்டி. கறவை நின்றுபோனதால், பால் எப்போது மறுபடி கிடைக்கும் என்று விசாரிக்க வந்திருந்தான். கோயிலிலிருந்து வந்தவர்கள் ரோட்டில் கும்பலாக நின்றார்கள். அவள் பட்டுச்சேலையோடு நேராக அவனிடம் போனாள். தலையில் போட்டிருந்த முக்காட்டைக்கூட எடுக்கவில்லை.

"தம்பி, இவ வெள்ளாட்டுப் பால் கலக்குறான்னு நாஞ் சொன்னது பொய்யி. இவ பால் சுத்தம். பொறாமையில சொன்னேன்."

எல்லாருக்கும் கேட்டது. கடைக்காரிக்கும் கேட்டது. எனக்கு இனித்தது. இப்படித் தோன்றக் கூடாது என்பார்கள், தோன்றியது. உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் குளிர்ந்தது.

அவன் சிரித்தான்.

"அது எனிக்கு அப்பவே அறியும் சேச்சி. நாக்குல வச்சா பால் தெரியாதா? கலப்பு ஒண்ணும் இல்ல."

"தெரிஞ்சுமா என்னை நிறுத்துன?" என்று கேட்டேன்.

"உங்க வீடு சந்துக்குள்ள அல்லே? கேன் சுமக்கணும். இவிடெ ரோட்டு மேல, வண்டி நிறுத்த வசதி." அதில் ஒளிக்க என்ன இருக்கிறது என்பது போலச் சொன்னான். இதற்குத்தான் பங்கு பிரிந்தது. இதற்குத்தான் கோணக்காதி செத்தாள். ஓரகத்தி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

டாக்டரம்மா சரி என்றதும் ஆடுகளை ஓட்டி வந்தேன். அந்த ஈற்றுப் பால் போனது போனதுதான். மழை முடிந்து அடுத்த ஈற்றில் எல்லாம் குட்டி போட்டு, என் தீவனத்தில் மடி கனத்து நின்றன. ஓரகத்தி தினமும் வந்து, கறக்கும்முன் குட்டிகள் பாலைக் குடித்துவிடாதபடி அவற்றைக் கொடாப்புக் கூடையில் அடைத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். நான் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

ஒரு காலையில் குமுளிக்காரன் கேனைத் தூக்கிக்கொண்டு, வேர்த்து வழிய எங்கள் சந்துக்குள் நடந்தே வந்தான். விடுதிகளில் கூட்டமாம், ஆர்டர் நிறைய இருக்கிறதாம், செம்மறிப் பால் வேறெங்கும் கிடைக்கவில்லையாம். "இருங்க தம்பி" என்று ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்தேன். மடிகள் பால் கட்டிச் சொட்டிக்கொண்டிருந்தன. அவன் கண்ணாலேயே அளந்தான். கேன் மூடியைத் திறந்து வைத்தான்.

"அக்கா, கொடாப்பத் தெறந்து விடுங்க," என்றேன்.

அவள் ஒரு நிமிடம் தயங்கினாள். பிறகு திறந்து விட்டாள். குட்டிகள் பாய்ந்து ஓடித் தாய்மார்களின் மடியில் முட்டின. அவன் பதறி எழுந்து, "சேச்சி, சேச்சி, எல்லாம் குடிச்சுப் போகும்!" என்று கத்தினான். வாலை ஆட்டிக்கொண்டு, வாயோரம் நுரை தள்ள, சொட்டு மிச்சமில்லாமல் குடித்தன. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"வண்டி நிறுத்த வசதியுள்ள வீடாப் பாத்து வாங்கிக்கங்க தம்பி," என்றேன்.

அவன் காலிக் கேனோடு போவதைப் பார்த்து அவள் சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அவளோடு சேர்ந்து சிரிக்கவில்லை. அவள் வீட்டுக்குப் போகும்வரை அடக்கி வைத்திருந்து, கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சிரித்தேன்.